சம்பள நாளும் பழைய பாதையும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் கணவர் பனியன் கம்பெனியில் டைலர். போன மாதம் முப்பது நாள் மறுவாழ்வு மையத்தில் இருந்தார். அங்கே குடி நினைப்பே வரவில்லை என்றார். வீட்டுக்கு வந்த முதல் சனிக்கிழமையே சம்பளத்தோடு போய்க் குடித்துவிட்டு வந்தார். அன்று காலையில்தான் சாமி மேல் சத்தியம் செய்திருந்தார். கேட்டால், "கடைப்பக்கம் வந்ததும் கை தானா நடுங்கிச்சு" என்கிறார். இது நடிப்பா? கட்டிய பணம் வீண்தானா? சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்க ஒரு மருந்து இருப்பதாக உறவினர் சொல்கிறார், கொடுக்கலாமா? அடுத்த வாரம் அவர் நண்பருக்குக் கல்யாணம், அனுப்பலாமா?

பெயர் வேண்டாம், திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்காவின் லெக்சிங்டன் மருத்துவமனையில் அபின் வகைப் போதைக்கு அடிமையானவர்களைக் கவனித்த ஆப்ரகாம் விக்லர் என்ற மருத்துவர், 1940களிலேயே இதைக் கண்டார். பல மாதம் மருந்தைத் தொடாதவர்களுக்குக்கூட அதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல் வந்தன. குடியிலும் இதே கதைதான். மது நரம்பைத் தணிக்கும்; அதைச் சமாளிக்க உடம்பு எதிர்த்திசையில் முறுக்கேறும். சனிக்கிழமை மாலை, கையில் காசு, கடை வெளிச்சம், கூட்டாளியின் குரல் எல்லாம் வருடக்கணக்கில் மதுவுக்கு முன்னாலேயே வந்து வந்து, அவற்றைக் கண்டாலே உடம்பு முறுக்கேறிக்கொள்ளப் பழகிவிடுகிறது. மது உள்ளே போகாவிட்டால் அந்த முறுக்கு நடுக்கமாகவும் படபடப்பாகவும் தெரியும்.

மையத்தில் நினைப்பு வராததற்குக் காரணம் அங்கே சம்பளமும் இல்லை, கடையும் இல்லை. சபரிமலைக்கு மாலை போட்டவரைப் பாருங்கள். ஒரு மண்டலம் வாசனைகூடப் பிடிக்காமல் இருப்பார், மாலையைக் கழற்றிய அன்றே பழைய ஆளாகிவிடுவார். உடம்பு முதலில் கற்ற பழைய பாடம் அழிவதில்லை, அதை விடக் கற்ற புதிய பாடம்தான் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்று மார்க் பூட்டன் என்ற உளவியலாளர் விலங்குச் சோதனைகளில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அதனால் பணம் வீண் இல்லை. குடியை நிறுத்தும்போது வரும் ஆபத்தான நாட்களை அவர் பாதுகாப்பாகக் கடந்திருக்கிறார். ஆனால் சனிக்கிழமைக்கு அவரை யாரும் தயார் செய்யவில்லை. சத்தியத்துக்கு அந்த வேலை தெரியாது.

இருவரும் உட்கார்ந்து, அந்தச் சனிக்கிழமையை ஐந்து மணியிலிருந்து வரிசையாக எழுதுங்கள். சம்பளம் எங்கே கைக்கு வந்தது, யாரோடு வெளியே வந்தார், மதியம் சாப்பிட்டாரா, எந்தத் திருப்பத்தில் மனம் மாறியது. பெரும்பாலும் முடிவு கடை வாசலில் நடந்திருக்காது, அதற்கு அரை மணி முன்பே நடந்திருக்கும். மாற்ற வேண்டியது அந்த அரை மணியை. சம்பளம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்படி அவரே கேட்கட்டும். போனில் ஜீபே இருந்தால், பை காலியாக இருப்பது குடிக்கத் தடையே இல்லை. அதோடு இணைந்த கணக்கில் சில நூறு ரூபாய் மட்டும் இருக்கட்டும். கம்பெனியை விட்டுக் கிளம்பும் முன் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், பசி ஆசையைக் கூட்டும். சில மாதம் வேறு பாதை, சுற்றாக இருந்தாலும். முதல் சில வாரம் நீங்களோ அவர் தம்பியோ கம்பெனி கேட்டில் நின்றால் நல்லது. காவலுக்கு வந்ததாக அவருக்குப் படக்கூடாது, அவரே கேட்டு வரவேண்டும்.

வீட்டையும் பாருங்கள். குடித்த டம்ளர், பிரிட்ஜில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் குவார்ட்டர் பாட்டில், அவர் மட்டும் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், சோடா எல்லாம் வெளியே போகட்டும்.

ஆசை எழுந்தால் அலைபோல ஏறி, பெரும்பாலும் இருபது முப்பது நிமிடத்தில் இறங்கும். அந்த நேரத்துக்கு மட்டும் ஆள் தேவை. யாருக்குப் போன் செய்வது என்பதை முன்பே முடிவுசெய்து வையுங்கள். "ஒரு கட்டிங் மட்டும்" என்பது எடுபடாது. அந்த முதல் வாயின் ருசியே ஆசையைக் கிளப்பும் பலமான தூண்டல். கடைத்தெருவில் நின்று பழகினால் ஆசை செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். தூண்டலை மட்டும் காட்டிப் பழக்கும் சிகிச்சைகள் பெரிய பலன் தரவில்லை. பின்னாளில், கடை திறக்காத காலை நேரத்தில், ஆலோசகர் சொல்லும் படிப்படியான முறையில் செய்யலாம். தனியாக, காசோடு, மாலையில் ஒருபோதும் வேண்டாம்.

ஒருமுறை வழுக்கியதும் "எல்லாம் போச்சு" என்ற எண்ணம்தான் அடுத்த பத்து நாளைக் குடிக்க வைக்கும். மறுநாளே மையத்துக்குப் போகச் சொல்லுங்கள். பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் வீட்டில் திடீரென நிறுத்த வேண்டாம். வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில்தான் நிறுத்த வேண்டும்.

தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து வேண்டவே வேண்டாம். அப்படி விற்கும் பொடிகளில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிராம் என்ற மருந்து இருந்தால், அவர் அறியாமல் குடிக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து விழுந்துவிடலாம். அது ஆசையைக் குறைக்கும் மருந்தும் அல்ல, பயத்தால் தடுக்கும் மருந்து. ஆசையைத் தணிக்க நால்ட்ரெக்சோன் (வழக்கமாக நாளுக்கு 50 மி.கி.), அகாம்ப்ரோசேட் இருக்கின்றன. முதலாவதற்குக் கல்லீரல் பரிசோதனை வேண்டும்; டிரமடால் போன்ற வலிமாத்திரை எடுப்பவருக்கு ஆகாது. இரண்டாவதற்குச் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். மனநல மருத்துவரிடம் கேளுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு ரிசப்ஷன் வேண்டாம், அங்கேதான் மண்டபத்துக்குப் பின்னால் கூட்டம் சேரும். மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு இருவரும் சேர்ந்து போய், மொய் வைத்து, சாப்பிட்டுவிட்டு, பந்தி முடிவதற்குள் கிளம்பிவிடுங்கள்.