அட்டாமி கடலோர வாணவேடிக்கை: எங்கே உட்காரலாம்? (கேள்வி பதில்)

டோக்கியோவுக்குத் தென்மேற்கே, சகாமி விரிகுடாவைப் பார்த்தபடி மலைச்சரிவில் அமைந்த வெந்நீர் ஊற்று ஊர் அட்டாமி. ஓபோன் (ஆகஸ்டில் முன்னோரை நினைவுகூரும் ஜப்பானியப் பண்டிகை) விடுமுறையை ஒட்டி அங்கே நடக்கும் வாணவேடிக்கையை எங்கிருந்து பார்ப்பது என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. நிகழ்ச்சி வழக்கமாக இரவு 8.20க்குத் தொடங்கி, சுமார் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஊர்ச் சுற்றுலாச் சங்கத்தின் அட்டவணையைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

கேள்வி: முதல் தடவை போறோம். சன் பீச்சா, ஷின்சுய் பூங்காவா? சுருக்கமா சொல்லுங்க.

ஷின்சுய் பூங்கா. வாணங்களை விரிகுடாவுக்குள் இருக்கும் அலைத்தடுப்புச் சுவர்களிலிருந்து விடுகிறார்கள். சன் பீச் கரையின் வடக்கு முனை, துறைமுகம் தெற்கே, பூங்கா நடுவில். கடைசியில் 'வான நயாகரா' என்று ஒன்று வரும். வெள்ளி நிற ஷெல்களை (வானில் போய் வெடிக்கும் வாண உருண்டைகள்) அந்தச் சுவர்களின் நீளம் முழுக்க ஒரே நேரத்தில் வெடித்து, விரிகுடாவையே மூடுவார்கள். நேரெதிரே இருந்தால்தான் அதன் அகலம் தெரியும். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே வெள்ளைக் குவியலாகிவிடும்.

சன் பீச்சுக்கும் ஒரு நியாயம் உண்டு: மணல், இடம் தாராளம், ரயில் நிலையத்துக்குக் கிட்டே. அங்கே உட்கார்ந்தால் பனை மர வரிசைக்கு முன்னால் உட்காருங்கள். பின்னால் போனால் மரமும் விளக்கும்தான் படத்தில் விழும்.

கேள்வி: போன வருஷம் பாதி நேரம் புகைதான் பார்த்தோம். இதுக்கு என்ன வழி?

இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது காற்று. கூட்டம் எங்கே போகிறது என்று பார்த்துப் பின்னால் போகாதீர்கள்.

அட்டாமி கிழக்கு நோக்கிய ஊர். கோடைப் பகலில் கடற்காற்று ஊர்ப் பக்கம் வீசும். இருட்டிய பிறகு அது தணிந்து, நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லத் திரும்பும். அந்தத் திருப்பம் 8.20க்கு முன்பே நடந்துவிட்டால் புகை கடலுக்குப் போகும், கரை முழுக்கத் தெளிவு. தாமதமானால் புகை நேராக உங்கள் முகத்துக்கு வரும். ஏழரை மணிக்குத் துறைமுகப் படகுகளின் கொடியைப் பாருங்கள். தெற்கிலிருந்து அடித்தால் புகை சன் பீச் பக்கம் நகரும். நீங்கள் துறைமுகப் பக்கம் நகருங்கள். வடக்கிலிருந்து அடித்தால் சன் பீச். வானிலைச் செயலியில் 'தெற்குக் காற்று' என்று போட்டிருந்தால் காற்று தெற்கிலிருந்து வருகிறது என்று பொருள். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு புகைக்குள்ளேயே போய் உட்காருபவர்கள் நிறைய.

கொடி அசையவே இல்லையென்றால் அதுதான் மோசம். முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு புகை அங்கேயே தொங்கும், அடுத்தடுத்த ஷெல்கள் அதற்குள்ளேயே வெடிக்கும். அப்படிப்பட்ட இரவில் கரையை விட்டு மேலே ஏறுங்கள்.

கேள்வி: எத்தனை மணிக்கு இடம் பிடிக்கணும்?

ஆகஸ்டில் 6.30 மணிக்கு விரிப்பைப் போட்டால் நல்ல இடம் கிடைக்கும். சூரியன் மறைவதும் ஏறக்குறைய அதே நேரம்தான். இரண்டு பேருக்கு ஒரு மீட்டர் அகல விரிப்பு போதும். நாலு மூலையிலும் தண்ணீர் பாட்டில் வையுங்கள். மணலில் கடற்பாசி ஒதுங்கிய கோட்டுக்கு மேலே உட்காருங்கள், ஓத நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கு 7.30க்கு முன்பே போய்வாருங்கள், பிறகு வரிசை நீண்டுவிடும். குப்பைப் பை ஒன்று. திரும்பும்போது அது உங்களோடு வர வேண்டும்.

கேள்வி: கார்ல வரலாமா அண்ணா?

வராதீங்க தம்பி. கரையோரம் போவது 135ஆம் எண் சாலை ஒன்றுதான், அதுவே கடற்கரையை ஒட்டிப் போகிறது. கார் எடுத்தே ஆக வேண்டும் என்றால் யுகவாராவில் நிறுத்திவிட்டு ரயிலில் வாருங்கள். டோக்கியோவிலிருந்து வரும்போது அட்டாமிக்கு முந்தைய நிறுத்தம் அதுதான், சில நிமிடப் பயணம். அங்கும் இடமில்லையென்றால் ஒடவாரா.

கேள்வி: முடிஞ்ச பிறகு ஸ்டேஷன்ல நெரிசலாமே?

ஆமாம். நிலையம் மேட்டில் இருக்கிறது. இறங்கும்போது பதினைந்து நிமிடம். கூட்டத்தோடு ஏறும்போது அதைப் போல இரு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தும் அதே நெரிசலில்தான் நிற்கும். கடைசி ஐந்து நிமிடத்துக்கு முன்பே கிளம்பலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அப்படிச் செய்தால் நயாகராவை விட்டுவிடுவீர்கள், பிறகு எதற்கு வந்தீர்கள்? முடிந்ததும் முக்கால் மணி நேரம் கரையிலேயே உட்கார்ந்திருங்கள். 9.30 வாக்கில் ஏறினால் நிம்மதியாகப் போகலாம்.

திரும்புவதற்கான டிக்கெட்டைக் கடற்கரைக்கு இறங்கும் முன்பே வாங்கிவிடுங்கள், சுய்கா கார்டிலும் (ரயில் வாசலில் தட்டிப் போகும் பணம் ஏற்றும் கார்டு) பணம் ஏற்றிவிடுங்கள். ஷின்கான்சென் (அதிவேக ரயில்) என்றால், எல்லா நிலையத்திலும் நிற்கும் கொடாமாவில் முன்பதிவு இருக்கை எடுங்கள். டோக்கியோவுக்கு ஐம்பது நிமிடம் அளவில். அதே பாதையில் ஓடும் வேகமான நொசோமி ரயில்கள் இங்கே நிற்காது, ஹிகாரி ரயில்களிலும் மிகச் சிலவே நிற்கும். சாதாரண ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. டோக்கியோ பக்கம் போகும் ரயில்களில் பல அட்டாமியிலேயே புறப்படுகின்றன. நிற்கும் ரயிலை விட்டுவிட்டு அடுத்ததற்கு முதல் ஆளாக நின்றால் உட்கார்ந்து போகலாம்.

மிஷிமா, நுமாஸு பக்கத்திலிருந்து சாதாரண ரயிலில் வருபவர்களுக்குத் தனியாக ஒன்று: அட்டாமி ஜே.ஆர். கிழக்கு என்ற ரயில் நிறுவனத்தின் நிலையம், அதற்கு மேற்கே ஜே.ஆர். மத்தி என்ற வேறொரு நிறுவனத்தின் பாதை. ஒரு பக்கம் கார்டைத் தட்டி ஏறி, மறுபக்கம் தட்டி வெளியேற முடியாது. காகித டிக்கெட் வாங்குங்கள். இல்லையென்றால் அத்தனை கூட்டத்தில் கவுன்டர் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஹோட்டல் அறையிலிருந்து பார்க்கலாம்னு இருக்கோம். 'கடல் பார்த்த அறை'ன்னு போட்டிருக்கு, போதுமா?

போதாது. கடல் தெரியும், ஆனால் வாணம் விடும் இடம் பக்கத்துக் கட்டடத்துக்குப் பின்னால் போயிருக்கலாம். "வாணவேடிக்கை அறையிலிருந்தே தெரியுமா, மாடியிலிருந்தா?" என்று நேரடியாகக் கேளுங்கள். சரிவில் மேலே உள்ள விடுதிகளில் வாணங்கள் ஏறக்குறைய கண் மட்டத்தில் விரியும், நயாகராவும் முழுசாகத் தெரியும். இரவு உணவை முதல் பந்தியில் சொல்லிவையுங்கள். இரண்டாம் பந்தி என்றால் வெடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மீன் சாப்பிடுவீர்கள்.

கேள்வி: எட்டு மாசக் குழந்தையோட வரலாமா?

மூன்று பக்கமும் மலை, ஊரே ஒரு கிண்ணம் மாதிரி. சத்தம் மோதித் திரும்பி வரும். சமவெளிக் கடற்கரையைவிட இங்கே அதிர்வு கூடுதல். குழந்தைக்குக் காதை மூடும் இயர்மஃப் கட்டாயம், பஞ்சு போதாது. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையே ஒரு விநாடி என்றால் நீங்கள் 340 மீட்டர் தூரத்தில் இருக்கிறீர்கள். மூன்று விநாடி எண்ண முடிகிற இடத்தில் இருங்கள், அதாவது சுமார் ஒரு கிலோமீட்டர்.

கேள்வி: வயசான அம்மா அப்பா கூட வர்றாங்க. நடக்கச் சிரமம்.

இறங்குவதற்கு டாக்சி கிடைக்கும். ஏறுவதற்கு முடிந்தவுடன் கிடைக்காது. அன்று இரவு கரையோரமாகவே தங்கிவிடுங்கள். மணலைத் தவிர்த்து, தளம் போட்ட பூங்காப் பக்கம் மடக்கு நாற்காலியோடு உட்கார வையுங்கள்.

கேள்வி: கேமரா அமைப்பு சொல்லுங்க சார்.

முக்காலி, ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 11, 'பல்ப்' முறையில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும்) மூன்று முதல் ஆறு விநாடி. நயாகராவுக்கு எஃப் 16 வரை மூடி, நேரத்தையும் குறையுங்கள், இல்லையென்றால் வெளிறிப்போகும். முன் வரிசையிலிருந்து அது முழுசாக அடங்க 24 மி.மீ. லென்ஸ் வேண்டும். நல்ல படங்களை முதல் ஐந்து நிமிடத்திலேயே எடுத்துவிடுங்கள், புகை சேர்வதற்குள். போனில் என்றால் முதல் ஷெல்லிலேயே ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள்.

கேள்வி: மழை வந்தால்?

சாதாரண மழையில் நடக்கும், புயல் மாதிரி மோசமானால்தான் நிறுத்துவார்கள். மழைக்கோட்டு எடுத்துவாருங்கள், குடை விரித்தால் பின்னால் இருப்பவர்கள் உங்களை மன்னிக்க மாட்டார்கள்.

கேள்வி: ஓபோன் நேரத்துல லீவு கிடைக்கல. வேற நாள் உண்டா?

ஆண்டு முழுக்கப் பல நாட்கள் உண்டு. 1949இல் கிட்டி புயல், 1950 ஏப்ரலில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை எரித்த பெருந்தீ என்று அடுத்தடுத்து அடிபட்ட ஊர், மீண்டெழுந்ததைக் கொண்டாட 1952இல் தொடங்கிய நிகழ்ச்சி இது. டிசம்பர் தேதிகளைப் பாருங்கள். குளிர் காற்றில் ஈரம் குறைவு, நிறங்கள் கூர்மையாகத் தெரியும், கூட்டமும் கோடை அளவுக்கு இருக்காது. கனமான கோட்டும், உட்கார வெப்பம் கடத்தாத தடித்த பாயும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழரை மணிக்கு வந்தாலும் இடம் கிடைக்கும்.