ஆற்றுச் சுழியும் கடல் சுழியும்

அன்புள்ள ஐயா,

சித்திரைத் திருவிழாவுக்கு அணை திறந்தபோது ஏ.வி. பாலத்தில் நின்று வைகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூண்களுக்குப் பின்னால் கிளம்பும் சுழிகள் கொஞ்ச தூரம் போவதற்குள் காணாமல் போகின்றன. ஆனால் 100 கிலோமீட்டர் அகலக் கடல் சுழிகள் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதெப்படி? இயற்பியல் முதுகலை படிக்கும் என் மகளோ, மேலே கடல் சும்மா கிடக்கும்போதே உள்ளே 200 மீட்டர் உயர அலை போகும் என்கிறாள். நம்ப முடியவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? அவளுக்குக் கடலியல் பக்கம் போக ஆசை.

ச., மேலூர்

அன்புள்ள ச.,

வைகைச் சுழிக்கு ஆயுள் சில நொடிகள். அதன் வால் கீழே நீளும், நீள நீள மெலியும், வேகமாகச் சுழலும், பிறகு அறுந்து சின்னச் சின்னச் சுழிகளாகும். அவையும் உடைந்து மில்லிமீட்டர் அளவுக்கு வரும்போது தண்ணீரின் பாகுத்தன்மை, அதாவது தனக்குள்ளேயே உரசிக்கொள்ளும் குணம், மிச்சத்தை வெப்பமாக்கிவிடும். பெரிதிலிருந்து சிறிதுக்கு ஆற்றல் இறங்கும் இந்த வழியைக் கணக்கில் கொண்டுவந்தவர் ரஷ்யக் கணித அறிஞர் கோல்மோகோரோவ், 1941இல்.

கடலில் பூமியின் சுழற்சி குறுக்கே வருகிறது. அது தன் வேலையைக் காட்ட நேரம் வேண்டும். மதுரை இருக்கும் அட்சரேகையில், காற்று தள்ளிவிட்ட கடல்நீர் பூமிச் சுழற்சியால் ஒரு வட்டமடிக்கக் கிட்டத்தட்ட 70 மணி நேரம் ஆகும். சில நொடிச் சுழியை அது தொடவே முடியாது. ஒரு சுற்றுக்கே நாள்கணக்கில் எடுத்துக்கொள்ளும் கடல் சுழி அதன் பிடியில் வசமாக மாட்டிக்கொள்கிறது. போதாததற்கு மேலே லேசான வெந்நீர், கீழே கனத்த குளிர்நீர் என்று அடுக்கு வேறு. தண்ணீர் மேலும் கீழும் போகத் தடை, அதனால் சுழியின் வால் நீள வழியில்லை. ஓட்டம் பெரும்பாலும் படுக்கைவாட்டில்தான். அப்படிப்பட்ட தட்டையான ஓட்டத்தில் ஆற்றல் சிறிதிலிருந்து பெரிதுக்கு ஏறும் என்று 1967இல் அமெரிக்க இயற்பியலாளர் கிரேக்னன் காட்டினார். பக்கத்துச் சுழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கொழுக்கின்றன. உங்கள் சந்தேகத்துக்குப் பதில் இதுதான்: ஆற்றிலும் கடலிலும் ஆற்றல் போகும் திசையே வேறு.

சரி, ஆற்றலெல்லாம் பெரிய சுழிகளுக்கே ஏறிக்கொண்டிருந்தால், காற்று தினமும் கடலுக்குக் கொடுக்கும் ஆற்றல் எங்கே போய்த் தொலைகிறது? கொஞ்சம் கடல்தரையில் உரசிப் போகிறது. சுழிகளின் ஓரத்தில் வேறு கதை. வெந்நீரும் குளிர்நீரும் நெருக்கித் தள்ளும் இடங்களில் ஒன்று முதல் பத்து கிலோமீட்டர் அகலத்தில் இழைகளும் குட்டிச் சுழிகளும் உண்டாகின்றன. ஓரிரு நாளில் கலைந்துவிடும் பிறவிகள். ஆனால் அங்கே பூமிச் சுழற்சியின் பிடி தளர்கிறது, தண்ணீர் ஒரே நாளில் பல பத்து மீட்டர் இறங்கி ஏறுகிறது, ஆற்றல் இரண்டு பக்கமும் போகிறது. எனக்கு மாதக்கணக்கில் சுற்றும் பெரியவர்களைவிட இந்தக் குட்டிகள் மேல்தான் ஈர்ப்பு.

இப்போது மகள் சொன்ன அலை. ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் கரையுங்கள். மேலே கடலை எண்ணெய். விரற்கடை இடம் விட்டு மூடி, படுக்கவைத்து, ஒரு முனையை மெல்லத் தூக்கி இறக்குங்கள். எண்ணெயின் மேல்மட்டம் சட்டென்று அடங்கிவிடும். எண்ணெயும் தண்ணீரும் சேரும் மட்டம் மட்டும் சாவகாசமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அடர்த்தி வித்தியாசம் குறையக் குறைய, கீழே இழுக்கும் விசையும் குறையும், அலை உயரமாகவும் மெதுவாகவும் போகும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் அடர்த்தியில் நூற்றுக்கு ஒன்பது பங்கு வித்தியாசம். கடலின் அடுக்குகளுக்குள் ஒரு பங்கு கூடக் கிடையாது.

ஓதம், அதாவது நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல் ஏறி இறங்கும் ஓட்டம், கடலடி மலைத்தொடர்களைத் தாண்டும்போது இந்த உள்ளலைகள் பிறக்கின்றன. 200 மீட்டர் கணக்கு தென்சீனக் கடலுடையது, உங்கள் மகள் சொன்னது சரி. நமக்குப் பக்கத்தில் என்றால் அந்தமான் கடல். அங்கே அளந்ததை ஆஸ்போர்ன், பர்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 1980இல் வெளியிட்டார்கள். மேலே தெரிவது பட்டை பட்டையாகச் சலசலக்கும் நீர் மட்டும்தான்.

இந்த அலைகள் உடையும் இடத்தில்தான் குளிர்நீரும் வெந்நீரும் கலக்கின்றன. ஆழ்கடலைக் கலக்கச் சுமார் 2 லட்சம் கோடி வாட் வேண்டும், அதில் பாதியை ஓதமே கொடுக்க முடியும் என்று கடலியலாளர்கள் வால்டர் மங்க்கும் கார்ல் வுன்ச்சும் 1998இல் கணக்குப் போட்டார்கள். கூடங்குளத்து உலை ஒன்றின் திறன் 1000 மெகாவாட், அதுபோல் இரண்டாயிரம்.

சுழிக்கும் அலைக்கும் சம்பந்தமா? நிறையவே உண்டு. சுழி அலையை வளைக்கும், சில சமயம் உள்ளேயே சிறைபிடித்து நசுக்கும். அலையும் சுழியிடமிருந்து ஆற்றலைக் கறக்கும். மொத்தத்தில் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்குதான்.

உங்கள் மகளுக்கு ஒரு விஷயம். 2022 டிசம்பரில் ஏவிய ஸ்வாட் செயற்கைக்கோள் 120 கிலோமீட்டர் அகலத்துக்குக் கடல்மட்டத்தை அளக்கிறது. ஆனால் அதே பாதைக்கு 21 நாளுக்கு ஒருமுறைதான் திரும்பும். படத்தில் தெரியும் சின்ன மேடு சுழியா, உள்ளலையா? ஓதத்துக்கு 12 மணி 25 நிமிடக் கணக்கு உண்டு. அந்தத் தாளத்தில் வரும் அலையைக் கழித்துவிடலாம். சுழியில் மாட்டி வளைந்த அலை தாளம் தப்பிவிடும், அதைக் கழிப்பதுதான் பெரும்பாடு. கடலியலுக்குப் போவதென்றால் அங்கே கை வைக்கச் சொல்லுங்கள்.