நிலம், கூலி, நாட்டு வருமானம்: சித்தூர் எல்லையிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்ற பின், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் வட்டத்து வடகரைப்பதியில் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பைக் கவனித்து வருகிறேன். நாட்டின் பொருளாதாரத்திலும் சமூக மாற்றத்திலும் வேளாண்மைக்கு உள்ள இடம் பற்றிக் கேட்கலாம் என்று அறிவித்திருந்தேன். சித்தூர் வட்டத்திலிருந்தும் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் மூணாறிலிருந்தும் வந்த கேள்விகளுக்குரிய பதில்கள் இவை.

பி.ஏ. மாணவி, சித்தூர்: ஐயா, 1950-51இல் நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய பாதியாக இருந்த வேளாண்மையின் பங்கு இன்று ஐந்தில் ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. அதனால் வேளாண்மை தன் முக்கியத்துவத்தை இழந்துவிட்டது என்று தேர்வில் எழுதலாமா?

எழுத வேண்டாம், அம்மா. பங்கு குறைவது வேறு, விளைச்சல் குறைவது வேறு. நான் வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லி வந்த எச்சரிக்கை இது, இங்கும் சொல்லிவிடுகிறேன். 1950-51இல் நாம் விளைவித்த உணவு தானியம் சுமார் 5 கோடி டன். 2022-23இல் அது ஏறக்குறைய 33 கோடி டன். மக்கள்தொகை நான்கு மடங்கு பெருகிய காலத்தில் தானியம் ஆறு மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது. பிறகு பங்கு ஏன் குறைந்தது? வருமானம் இரட்டிப்பாகும் வீட்டில் யாரும் இரண்டு மடங்கு சோறு உண்பதில்லை. மிஞ்சும் பணம் படிப்புக்கும் வண்டிக்கும் மருத்துவத்துக்கும் போகிறது. எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857இலேயே இதை எழுதி வைத்தார். ஆகவே வளரும் நாடு எதிலும் வேளாண்மையின் பங்கு குறையவே செய்யும்.

கவலைப்பட வேண்டிய கணக்கு வேறொன்று உண்டு. வருமானத்தில் பங்கு சுமார் 18 விழுக்காடாக இறங்கியபோதும், வேலை செய்வோரில் சுமார் 46 விழுக்காட்டினர் இன்னும் வேளாண்மையிலேயே இருக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள்: வேளாண்மைக்கு வெளியே ஒருவர் ஈட்டுவது, உள்ளே இருப்பவர் ஈட்டுவதைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. வேளாண்மையில் மிகுதியாக உள்ள உழைப்பாளர்கள் தொழிற்சாலைகளுக்கு நகர்வார்கள் என்று பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ் 1954இல் ஒரு வழியைக் காட்டினார். நம் நாட்டில் வருமானம் அந்த வழியில் வேகமாக நடந்துவிட்டது, மனிதர்களால் அவ்வளவு வேகமாக நடக்க முடியவில்லை. தேர்வில் இதை எழுதுங்கள்.

தென்னை விவசாயி, ஒழலப்பதி: தோப்பில் வெள்ளை ஈ தாக்கி ஓலையெல்லாம் கருத்துவிட்டது. என்ன மருந்து அடிக்கலாம்?

உங்கள் ஊர் வேளாண் அலுவலகமான கிருஷிபவனில் கேளுங்கள். பொருளியல் படித்தவன் மருந்து சொல்லக் கூடாது.

பள்ளி ஆசிரியர், பொள்ளாச்சி: ஜப்பானும் தைவானும் தொழில் வளம் பெற்றதற்கு வேளாண்மையே அடித்தளம் என்கிறார்கள். அது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. ஜப்பான் 1873இல் நிலத்தின் மதிப்பில் 3 விழுக்காட்டைப் பணமாகக் கட்ட வேண்டும் என்று வரி விதித்தது. அன்று ஜப்பானை ஆண்ட மெய்ஜி அரசின் தொடக்ககால வருவாயில் பெரும்பகுதி அந்த நிலவரிதான்; பள்ளிக்கூடமும் ரயில்பாதையும் அதிலிருந்தே வந்தன. ஆனால் அந்தப் பாரத்தைச் சுமந்தவர்கள் உழவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தைவான் 1949இல் குத்தகையை விளைச்சலில் 37.5 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு கட்டி, 1953இல் உழுபவர்க்கே நிலத்தை உரிமையாக்கியது. நிலம் கைக்கு வந்த உழவர் உரம் வாங்கினார், துணி வாங்கினார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்; உள்நாட்டுத் தொழிற்சாலைக்குச் சந்தை உண்டாயிற்று. இதற்கு எதிரான பாடம் சோவியத் நாட்டில் இருக்கிறது. அங்கே உழவரிடமிருந்து தானியத்தைப் பறித்துத் தொழிலை வளர்க்க முயன்றதன் விளைவு 1932-33இன் பெரும் பஞ்சம்.

பெயர் குறிப்பிடாதவர்: விவசாயம் அழிந்துவிட்டதா?

இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

இளைஞர், மீனாட்சிபுரம்: பசுமைப் புரட்சி நமக்கு நன்மை செய்ததா, கேடு செய்ததா?

தம்பி, உங்கள் ஊரிலிருந்து சற்றுத் தொலைவில், பொள்ளாச்சிக்கு அருகேயுள்ள செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம், 1964இல் மத்திய உணவு அமைச்சரானபோது நாடு அமெரிக்கக் கப்பல்களில் வரும் கோதுமையை நம்பி இருந்தது. 1965இல் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலைக் குழுவும் அமைந்தன. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. பசியையும் அந்நியக் கட்டாயத்தையும் ஒருசேரக் குறைத்த செயல் அது. அதைக் கேடு என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் விதையோடு நீரும் உரமும் கடனும் வேண்டியிருந்ததால், அவை கிடைத்தவர்களே முன்னேறினார்கள். தஞ்சையில் விளைச்சல் உயர்ந்த அதே ஆண்டுகளில், கூலியை உயர்த்திக் கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். விளைச்சல் உயர்ந்தால் கிராமத்தில் அமைதி தானாக வரும் என்று நினைப்பவர்கள் அந்த நாளை மறக்கக் கூடாது.

நில உடைமைக் குடும்பத்தவர், நல்லேப்பிள்ளி: என் பாட்டனாரின் நிலம் முழுவதும் பாட்டக்காரர்களுக்கு, அதாவது குத்தகைதாரர்களுக்குப் போயிற்று. அதற்குப் பிறகுதான் கேரளத்தில் நெல் அழிந்தது. நிலச் சீர்திருத்தமே வேளாண்மையைக் கெடுத்தது என்பதை ஒப்புக்கொள்வீர்களா?

ஒப்புக்கொள்ளமாட்டேன். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

1963இன் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1969இல் திருத்தப்பட்டு, 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையையே ஒழித்தது. ஜன்மியின், அதாவது நில உடைமையாளரின் உரிமை அரசிடம் சேர்ந்தது. பாட்டக்காரர் விலை கட்டி அதைப் பெற்றுக்கொள்ளலாம் என்றானது. அப்போது நெல் அழியவில்லை. நெல் பரப்பு 1974-75இல் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேராக, அதாவது சட்டம் நடைமுறைக்கு வந்து நான்கு ஆண்டுகள் கழிந்த பிறகு, உச்சத்தில் இருந்தது. அதற்குப் பின்னரே சரிந்து, இன்று 2 லட்சம் ஹெக்டேர் அளவில் நிற்கிறது. சரிவுக்குக் காரணங்கள் பல. தென்னையும் ரப்பரும் நெல்லைவிடக் கூடுதல் வருவாய் தந்தன. வளைகுடாப் பணம் வந்தபோது வயல் வீட்டுமனையாயிற்று. ரேஷன் அரிசி கிடைத்ததால் சொந்த வயலில் நெல் விளைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் போயிற்று. துண்டு நிலமும் ஒரு காரணந்தான்: 2015-16 கணக்கெடுப்பின்படி நாட்டில் ஒருவர் கையில் உள்ள சாகுபடி நிலத்தின் சராசரி 1.08 ஹெக்டேர், கேரளத்தில் 0.18 ஹெக்டேர். அது பாகப்பிரிவினையால் தலைமுறைதோறும் சிறுத்தது. ஒரு சட்டத்தின் தலையில் எல்லாவற்றையும் சுமத்துவது எளிது என்பதற்காக அப்படிச் செய்யக் கூடாது.

செவிலியர், எருத்தேம்பதி: ஐயா, இரண்டு பேரும் ஜன்மியையும் பாட்டக்காரரையும் பற்றியே பேசுகிறீர்கள். என் பாட்டி அந்த வயலில் நாற்று நட்டவர், களை பறித்தவர். உழுபவர்க்கு நிலம் என்றார்கள். எங்களுக்குக் கிடைத்தது பத்து சென்ட். உங்கள் குடும்பம் எந்தப் பக்கத்தில் இருந்தது?

நேர்மையான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். என் பாட்டனார் பாட்டக்காரர். அவர் ஏர் பிடித்ததை நான் பார்த்ததில்லை. ஆள் வைத்தே பயிர் செய்தார். கூலிக்கு ஆள் வைத்துப் பயிர் செய்பவரும் சட்டத்தின் பார்வையில் பயிர் செய்பவரே என்பதால் நிலம் எங்களுக்கு வந்தது. வயலில் குனிந்து நின்றவர்கள், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர்கள் என்ற பெயரில், பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை குடியிருப்பு நிலம் பெற்றார்கள். என் படிப்புக்குப் பணம் தந்தது அந்த நிலம். இதை மறைத்துவிட்டு நிலச் சீர்திருத்தத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் அந்தப் பத்து சென்டைச் சிறியது என்று தள்ளிவிடாதீர்கள் என்று உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை ஜன்மியோ பாட்டக்காரரோ நினைத்தால் குடிசையைப் பிரித்துப் போடலாம். அந்த அச்சத்தோடு ஒருவர் கூலியைக் கூட்டிக் கேட்க முடியாது, சங்கத்தில் சேர முடியாது. வெளியேற்ற முடியாத இடத்தில் குடியிருந்ததால்தான் கேட்க முடிந்தது. 1974இல் விவசாயத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதற்கும் வெகு காலம் முன்பே, 1907-08இல், தலித் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கக் கோரி தலித் தலைவர் ஐயன்காளி திருவிதாங்கூரில் விவசாயத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் இறக்கினார். வயலில் வேலையை நிறுத்திப் பள்ளிக்கூடத்தின் கதவைத் திறக்கச் செய்த போராட்டம் அது. வேளாண்மை சமூகத்தை எப்படி மாற்றுகிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

தேயிலைத் தொழிலாளியின் மகன், மூணாறு: அந்தப் பத்து சென்ட்கூட எங்களுக்கு இல்லை, சார்.

உண்மை. தேயிலை, காப்பி, ரப்பர், ஏலம் முதலியவற்றைத் தோட்டம் என்று வகைப்படுத்தி, நில உச்சவரம்பிலிருந்து சட்டம் விலக்கிவிட்டது. ஏற்றுமதி வருமானமும் வேலைவாய்ப்பும் குலையக் கூடாது என்பது அன்றைய வாதம். அதன் விலையைத் தமிழ்த் தொழிலாளர்களே கொடுத்தார்கள்: தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்து வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் பொம்பிளை ஒருமை என்ற பெயரில், தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கி வைத்துவிட்டு மூணாறு சாலையில் அமர்ந்து 20 விழுக்காடு போனஸ் கேட்டுப் பெற்றார்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவு 70 பேரைக் கொண்டுபோனதும் லயங்களிலிருந்துதான். நிலச் சீர்திருத்தம் முடிந்துவிட்டது என்று பேசுபவர்கள் மலை ஏறிப் பார்க்க வேண்டும்.

நல்லேப்பிள்ளிக்காரர் மீண்டும்: கூலியைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறீர்கள். கேரளக் கூலி கொடுத்து யார் நெல் வைக்க முடியும்?

சிரமம் என்பதை மறுக்கவில்லை. நானும் தேங்காய் பறிக்க ஆள் தேடுபவன்தான். ரிசர்வ் வங்கியின் 2022-23 கணக்கில் விவசாயத் தொழிலாளியின் நாட்கூலி கேரளத்தில் சுமார் 764 ரூபாய், நாட்டின் சராசரி 345 ரூபாய். ஒரு காலத்தில் பொள்ளாச்சியிலிருந்து நடவுக்கு வந்தார்கள். இப்போது பாலக்காட்டு வயல்களில் வங்காளத்து இளைஞர்கள் நடுகிறார்கள். இருந்தாலும், கூலி குறைவாக உள்ள மாநிலங்களில் உழவர் செழிப்பாக இருக்கிறாரா என்று பாருங்கள். அங்கேயும் நட்டந்தான், கூடவே தொழிலாளியின் பசியும். சிக்கல் நெல்லின் விலையிலும் நிலத்தின் அளவிலும் இருக்கும்போது, அதைத் தொழிலாளியின் கைக்காசில் தீர்க்க நினைப்பது முறையாகாது. இதற்கு மேல் இந்த வாதத்தை நாம் நேரில் தொடரலாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

வேலந்தாவளம்: எல்லைக்கு இந்தப் பக்கம் தென்னைக்கு ஏன் கூடுதல் மதிப்பு?

கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை உள்ளது; கேரளக் கள்ளுக்கடைகளுக்குப் பெருமளவில் கள் போவது சித்தூர் வட்டத்துத் தோப்புகளிலிருந்து. மண்ணும் மரமும் ஒன்றேயானாலும் சட்டம் வேறு, ஆகவே வருமானமும் வேறு.

கொழிஞ்சாம்பாறை: பி.எம். கிசான் தவணைப் பணம் இந்த முறை வரவில்லை.

அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா மையத்துக்குப் போங்கள்.

கோவிந்தாபுரம்: நாட்டு வருமானத்தில் பங்கு இவ்வளவு குறைந்த பிறகு விவசாயம் அழிந்துவிட்டது என்றுதானே பொருள்?

மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: பங்கையும் அளவையும் குழப்பாதீர்கள். இந்தக் கேள்வி மீண்டும் வந்தால் பதில் தரமாட்டேன்.

செவிலியர், எருத்தேம்பதி: ஐயா, கடைசியாக ஒன்று. பாட்டியின் பத்து சென்டுக்கு எங்களிடம் எந்தக் காகிதமும் இல்லை. வரி ரசீது மட்டும் இருக்கிறது.

அந்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. உரிமைக்கு அது மட்டும் போதாது, ஆனால் அதில் உள்ள சர்வே எண் உதவும். குடிகிடப்பு நிலத்துக்கு லேண்ட் டிரிப்யூனல் என்ற நிலத் தீர்ப்பாயம் கிரயச் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும். பாட்டியின் பெயரையும் சர்வே எண்ணையும் எழுதிக்கொண்டு முதலில் வில்லேஜ் ஆபீசில் விசாரியுங்கள். சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தால் நகல் கேட்டு மனுக் கொடுங்கள். மனு மலையாளத்தில் எழுத வேண்டியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.