சாமி தரும் பலமா, மனிதர்கள் தரும் பலமா?

வீட்டில் ஒருவருக்குத் தீராத நோய், எல்லோரும் "சாமியை நம்பு" என்கிறார்கள், உண்மையிலேயே அதனால் பலம் வருமா, இல்லை கடைசியில் மனிதர்கள்தான் துணையா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சாமியிடம் கேட்டதெல்லாம் எனக்கு மனிதர்கள் கையால்தான் வந்து சேர்ந்தது.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து டயாலிசிஸ் நடக்கிறது. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். மெஷினில் படுத்திருக்கும் நேரம்தான் கஷ்டம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். நடுவில் வரும் நாட்கள்தான் பாடு. தண்ணீருக்கு அளவு உண்டு. காபி, மோர், ரசம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். பண்ருட்டியில் பிறந்து வளர்ந்த மனிதருக்குப் பலாச்சுளை ஆகாது, இளநீர் ஆகாது. பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறிவிடும். உருளைக்கிழங்கைக்கூட நறுக்கி ஊறவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்கிறேன்.

காலையில் கண் விழித்ததும் அவர் இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்தது) போட்ட இடத்தில் விரல் வைத்துப் பார்ப்பேன். தோலுக்கடியில் ரத்தம் ஓடுகிற அதிர்வு விர்ரென்று விரலில் தெரியும். அது நின்றுபோனால் அடைப்பு என்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த அதிர்வு தெரிகிற நிமிஷத்தில் "சிவாய நம" என்று சொல்லிக்கொள்வேன். விளக்கேற்ற நேரம் இல்லாத நாளிலும் இந்தக் கும்பிடு தவறியதில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் திருவதிகை. அப்பர் சூலை நோயில், அதாவது கொடிய வயிற்று வலியில், துடித்து ஓடிவந்த தலம். சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரில் பெரிய நிலையில் இருந்தவர், வலி பொறுக்காமல் சமையல்காரரிடம் சொல்லி அக்காவுக்குச் செய்தி அனுப்புகிறார். திலகவதியார் அங்கே வர மறுத்துவிடுகிறார். இரவோடு இரவாகத் தம்பியே வந்து அக்கா காலில் விழுகிறார். அக்கா திருநீறு தருகிறார். பொழுது விடியும் முன்னே துடைப்பமும் சாணமும் தண்ணீர்த் தோண்டியும் எடுத்துக்கொண்டு, கோயில் வேலைக்குப் போகும்போதே தம்பியையும் கூட்டிப் போகிறார். அப்புறம்தான் பதிகம், அப்புறம்தான் வலி தீர்கிறது. அந்த அக்காவும் சுகப்பட்டவர் இல்லை. பெற்றோர் போய், நிச்சயித்த கலிப்பகையார் போரில் மாண்டு, தம்பிக்காகவே உயிரை வைத்திருந்தவர். ஈசன் நினைத்திருந்தால் மடத்திலேயே வலியைத் தீர்த்திருக்கலாம். அக்கா வீட்டு வாசல் வழியாகத்தான் வரவைத்தார். அந்தச் சன்னதியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்.

எனக்கு அப்படி ஒரு வாசலாக இருந்தது டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சு. ஆரம்பத்தில் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் தஸ்பீஹ் (முஸ்லிம்களின் ஜெபமணி மாலை) உருட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டு, டிபன் மூடியில் இரண்டு இட்லியை வைத்து நீட்டினார். அவர் மகன் பல வருஷமாக மெஷினில் இருக்கிற பையன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் வரும், வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கு, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசுக்குப் போ என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஊசி எடுத்த பிறகு பஞ்சை எந்த அழுத்தத்தில் பிடிக்க வேண்டும், ரொம்ப அழுத்தினால் ஏன் ஆபத்து, அந்தக் கையில் பிரஷர் பார்க்க ஏன் விடக்கூடாது, எல்லாம் அந்தப் பெஞ்சில் கற்றதுதான். அவர் துவா கேட்கும்போது என் வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்துக்கொள்வார். நான் திருவதிகை போனால் அவர் மகன் பெயருக்கும் அர்ச்சனை.

அதே சமயம், சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு "டயாலிசிஸை நிறுத்து, இந்த வேரை அரைத்துக் குடி, சரியாகிவிடும்" என்று வருவார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். செயலிழந்த சிறுநீரகத்துக்கு எதைக் கொடுக்கலாம் என்பது மருத்துவர் சொல்ல வேண்டிய விஷயம். வேண்டுதலும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை.

சரி, வேண்டுதல் எனக்கு என்ன செய்தது? முதலில் "நோயை எடுத்துவிடு" என்றுதான் அழுதேன். இப்போது "இன்றைக்கு பிரஷர் இறங்காமல் நாலு மணி நேரம் முடியட்டும்" என்று கேட்கிறேன். கோபத்தையும் பயத்தையும் கொட்ட ஓர் இடம் இருக்கிறது. அங்கே கொட்டிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தால் அவர் முன்னால் சாதாரணமாகப் பேச முடிகிறது. இன்னொன்றும் நடந்தது. யாரிடமும் கை நீட்டி அறியாத குடும்பம் எங்களுடையது. தினமும் சாமியிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், மெல்ல மனிதர்களிடமும் கேட்கத் துணிந்தது. எதிர்வீட்டு அத்தையிடம் பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டி வரச் சொன்னேன். அவர் இன்றுவரை அதைத் தன் வேலையாகவே வைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்களிடமும் "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று பலர் சொல்லியிருப்பார்கள். நீங்கள் "பரவாயில்லை" என்று சொல்லியிருப்பீர்கள். இனி அப்படிச் சொல்லாதீர்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பாடு, மருந்துக் கடைக்கு ஒரு நடை, ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் மாற்றாள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நடுராத்திரியில் மனசு தாங்கவில்லை, எழுப்ப ஆளில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடலாம், அது அரசின் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். நோயாளியின் பெயரும் நட்சத்திரமும் பதிலில் எழுதுங்கள். அடுத்த பிரதோஷத்துக்குத் திருவதிகை போகிறேன், அவருக்கும் சேர்த்து அர்ச்சனை செய்கிறேன்.