சுவிஸ் மலை ஏரிக்கு ஒரு நாள் நடை: அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

கேள்வி: ஜூலைக் கடைசியில் பேர்ணில் இருக்கும் அண்ணா வீட்டுக்கு இரண்டு கிழமை போகிறோம். நான், கணவர், 12 வயது மகள், 66 வயது அம்மா. மலைகளுக்கு நடுவே ஏரி இருக்கிற இலேசான பாதை ஒன்றில் ஒரு நாள் நடக்க ஆசை. மலையில் நடந்து பழக்கமில்லை. நுவரெலியாவுக்கு வானில் போய் வந்ததோடு சரி. அம்மா பிரஷருக்குக் குளிசை எடுக்கிறார், படி இறங்கினால் முழங்கால் நோகும். செர்மாட்டில் உள்ள ஐந்து ஏரிப் பாதை சுகமானது என்கிறார் அண்ணா. அதில் போகலாமா? கொழும்பிலேயே என்ன வாங்க வேண்டும், எப்படித் தயாராவது? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: நடக்கப் போகலாம், அம்மாவும் வரலாம். ஆனால் முதல் நடைக்கு ஐந்து ஏரிப் பாதை வேண்டாம். அண்ணா சொல்வது பொய்யில்லை. பல வருடமாக அந்த நாட்டில் இருப்பவருக்கு அது சுகமான பாதைதான். புளோஹெர்ட் என்ற 2571 மீட்டர் உயர நிலையத்தில் தொடங்கி, ஸ்டெல்லிசே, கிரிண்ட்யிசே என்று ஏரி ஏரியாகக் கடந்து 2288 மீட்டரில் உள்ள சுன்னெகாவில் முடியும். சுமார் 10 கிலோமீட்டர். ஏறுவதைவிட இறங்குவதே அதிகம் என்பதால்தான் அதை இலேசு என்கிறார்கள். உங்கள் அம்மாவுக்குச் சிக்கலும் அங்கேதான். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரம் முழுவதையும் முழங்கால் தாங்க வேண்டும். போதாததற்கு பேர்ணிலிருந்து செர்மாட்டுக்கே ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அதே பயணத்தைப் பின்னேரம் திரும்பவும் செய்ய வேண்டும்.

உங்கள் நால்வருக்கும் நான் சொல்வது பாக்ஆல்ப்சே என்ற ஏரி. கிரிண்டெல்வால்டில் இருந்து கேபிள் கார் உங்களை ‘ஃபேர்ஸ்ட்’ என்ற நிலையத்துக்கு ஏற்றிவிடும். அங்கிருந்து ஏரி சுமார் 3 கிலோமீட்டர். தொடக்கத்தில் கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம், அதன் பிறகு அகலமான சரளைப் பாதை. நிலையத்துக்கும் ஏரிக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 100 மீட்டர்தான். ஏரி என்று சொன்னாலும் ஒன்றையொன்று ஒட்டி, சற்றே உயர வித்தியாசத்தில் இரண்டு இருக்கின்றன. காற்றில்லாத காலையில் வெட்டர்ஹோர்ன், ஷ்ரெக்ஹோர்ன் சிகரங்கள் மேல் ஏரியில் தலைகீழாகத் தெரியும். எல்லோரும் எடுக்கும் படம் அதுதான். மதியமாகிக் காற்று எழும்பினால் தண்ணீர் சிலிர்த்துவிடும், படமும் போய்விடும். எனக்குப் பிடித்தது போன வழியே திரும்பி வருவது. களைத்தவர் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். ஐந்து ஏரிப் பாதையில் நடு வழியில் நின்றுவிட்டால் முன்னுக்கும் தூரம், பின்னுக்கும் தூரம்.

அந்த உயரம் நமக்கு அந்நியமானதல்ல. பாக்ஆல்ப்சே 2265 மீட்டரில் இருக்கிறது, நம்முடைய சிவனொளிபாதமலை உச்சி 2243 மீட்டர். படியேறாமல் அந்த உச்சிக்குப் போய், அதன் மேல் உலாவப் போகிறீர்கள். காற்றழுத்தம் அங்கே கடல் மட்டத்தில் இருப்பதன் முக்கால் பங்கு அளவுதான், ஆகவே கொழும்பில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசனில் கால் பங்கு குறையும். ஏற்றத்தில் கதைத்துக்கொண்டே நடக்க முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான், பயப்பட ஒன்றுமில்லை. தலையிடி, குமட்டலோடு வரும் உயர நோய் பொதுவாக 2500 மீட்டருக்கு மேல்தான் ஆட்களைப் பிடிக்கும். கட்டுப்பாட்டில் உள்ள பிரஷர் மட்டும் என்றால் பெரும்பாலும் தடை இருக்காது. இருந்தாலும் புறப்படுமுன் அம்மாவின் டொக்டரிடம் ‘2300 மீட்டர், இரண்டரை மணி நேர நடை’ என்று எண்ணோடு சொல்லிக் கேளுங்கள். ‘சுவிஸ் போகிறோம்’ என்று மட்டும் சொன்னால் அவர் ‘நல்லது, போய் வாருங்கள்’ என்பார், அவ்வளவுதான். நெஞ்சு நோவு, இருதய அடைப்பு, சுவாசப்பை வருத்தம் ஏதும் இருந்திருந்தால் கதை வேறு, அதையும் சொல்ல வேண்டும். நடக்கிற அன்று குளிசையைத் தவறவிடக் கூடாது. வழியில் சலம் வரும் என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் அம்மாமார் வழக்கம். கேபிள் கார் நிலையத்தில் கழிவறை இருக்கிறது, குடிக்கச் சொல்லுங்கள்.

அன்று காலை முழங்கால் நோவு கூடவாக இருந்தால் அம்மாவுக்கென்று இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. எங்கெல்பேர்க்குக்கு மேலே உள்ள ட்ரூப்சேயில் கேபிள் கார் ஏரிக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும், ஏரியைச் சுற்றி மட்டமான பாதை. பேர்ணிலிருந்து லுசேர்ண் வழியாகப் போக வேண்டும் என்பதால் பயணம்தான் நீளம். மற்றது கண்டர்ஸ்டெக் அருகில் ஒஷினென்சே, அழகில் எதற்கும் குறைவில்லாத ஏரி. ஆனால் ஒரு சூது இருக்கிறது. கேபிள் கார் உங்களை 1682 மீட்டரில் இறக்கும், ஏரி 1578 மீட்டரில். போகும்போது சிரித்துக்கொண்டு இறங்குவீர்கள். ஏற்றம் களைத்த பிறகு, திரும்பும்போது வரும்.

இனி கொழும்பில் செய்ய வேண்டியது. காலி முகத்திடலிலும் சுதந்திர சதுக்கத்திலும் நடப்பது நல்லது, ஆனால் போதாது. மட்டத்தில் எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் இறக்கத்துக்கு வேண்டிய தொடைத் தசை வராது. வெள்ளவத்தையில் மாடி வீடுகளுக்குப் பஞ்சமா? லிஃப்டை விட்டுவிட்டு வாரத்தில் நாலு நாள் படி ஏறி இறங்குங்கள். ஏறுவது மூச்சுக்கு, இறங்குவது முழங்காலுக்கு. இறங்கும்போது அவசரம் வேண்டாம், குதியைத் தடாலென்று வைக்காமல் மெதுவாக வையுங்கள். ஆறு கிழமை செய்தால் வித்தியாசம் தெரியும். அம்மா கைப்பிடியைப் பிடித்தபடி இரண்டு மாடியில் தொடங்கட்டும், நோவு கூடினால் நிறுத்தட்டும்.

அப்புறம் ஒத்திகை. ஒரு சனி ஞாயிறில் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் வாருங்கள். அதுவும் 2100 மீட்டருக்கு மேல்தான், உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் தொட்டு வரும் சுற்று சுமார் 9.5 கிலோமீட்டர். பாக்ஆல்ப்சே போய் வருவதைவிட நீளம், பாதையும் கரடு. நீங்களும் கணவரும் மகளும் அதை முடித்துவிட்டால் சுவிஸில் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. அம்மா முதல் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பினாலும் போதும். ஜூன், ஜூலையில் தென்மேல் பருவக் காற்று அங்கே முகத்தில் அடிக்கும், மழையும் தூறும். நல்லது! வாங்கிய சப்பாத்தும் மழை ஜக்கெட்டும் எந்த இலட்சணத்தில் இருக்கின்றன என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.

வாங்கும் விஷயத்தில் சப்பாத்துக்குத்தான் காசைக் கொட்டுங்கள். மற்றதில் மிச்சம் பிடிக்கலாம். கணுக்கால் மூடிய கனத்த பூட்ஸ் இந்தப் பாதைக்குத் தேவையில்லை. அடிப்பக்கம் ஆழமாக வெட்டுப்பட்ட, பிடிப்புள்ள சப்பாத்து போதும். பின்னேரம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த காலுறை போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். நாடாவை இறுக்கக் கட்டி, கடைப் படியில் இறங்கிப் பாருங்கள். பெருவிரல் முன்னால் போய் முட்டினால் அரை அளவு பெரியது கேளுங்கள். கடையில் இலேசாக முட்டுவது மலை இறக்கத்தில் நகத்தைக் கறுப்பாக்கிவிடும். பயணத்துக்கு முதல் நாள் புதுச் சப்பாத்து வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

உடுப்பில் பருத்தியையும் டெனிமையும் தவிருங்கள். கொழும்பில் பருத்திதான் சுகம், ஆனால் அங்கே வியர்வையில் நனைந்த பருத்தி காயாமல் முதுகோடு ஒட்டிக்கொண்டு குளிரைப் பிடித்து வைக்கும். பொலியெஸ்டர் விளையாட்டு டீசேர்ட், அதன் மேல் மெல்லிய கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜக்கெட். ஏறும்போது கழற்றுவது, நின்றதும் போடுவது. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய விளையாட்டு உடுப்புகள் கொழும்புக் கடைகளில் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன, தேடிப் பாருங்கள். மழை ஜக்கெட்டை வீட்டு ஷவருக்குக் கீழே ஐந்து நிமிடம் போட்டு நின்று பாருங்கள், உள்ளே ஈரம் வந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம். குளிர் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: 1000 மீட்டருக்குச் சுமார் ஆறரை பாகை குறையும். பேர்ணில் 28 பாகை என்றால் ஏரிக்கரையில் 17 பாகை அளவில் இருக்கும், காற்றடித்தால் இன்னும் குறைவாகத் தெரியும். வெயில் நேர்மாறு. ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் புறஊதாக் கதிர் பத்து வீதம் அளவுக்குக் கூடும், குளிர் காற்றில் தோல் சுடுவதும் தெரியாது. நம் நிறத்துக்கு வெயில் ஏறாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தொப்பியும் சன்ஸ்கிரீமும் எல்லோருக்கும் வேண்டும். அம்மாவுக்கு மாத்திரம் கூடுதலாக ஒரு சோடி நடைக் கோல், அண்ணா யாரிடமாவது இரவல் வாங்கித் தருவார். இறங்கும்போது கோலைச் சற்று நீட்டிப் பிடித்தால் முழங்காலின் பாரம் கைக்கு மாறும்.

அன்றைய நாளில் மலையைவிட மணிக்கூட்டுக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். காலை ஒன்பதரைக்குள் மேலே நிற்பதுபோல் கிளம்புங்கள். பேர்ணில் இருந்து இன்டர்லாகன் ஒஸ்ட் ஒரு மணி நேரத்துக்குள், அங்கே ரயில் மாற வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு: கிரிண்டெல்வால்டுக்குப் போகிற ரயில் ஸ்வைலூட்ஷினனில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி கிரிண்டெல்வால்ட், மறு பாதி லவுட்டர்புருன்னன். பெட்டியின் வெளிப்புறத்தில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள். நெரிசலில் நாலு பேர் இரண்டு கதவால் ஏறி, குடும்பம் இரண்டு பள்ளத்தாக்குக்குப் போவது பகிடி இல்லை. டிக்கட்டுக்கு ஒரு வார்த்தை: இரண்டு கிழமை இருப்பதால், வெளிநாட்டவருக்கான ஒரு மாத அரைக் கட்டண அட்டை உங்களுக்கு லாபமாக இருக்கும். ரயிலுக்கும் பெரும்பாலான மலைக் கேபிள் கார்களுக்கும் அது செல்லும்.

கேபிள் கார் டிக்கட் மலிவில்லை, ஆகவே வாங்குமுன் ஃபேர்ஸ்ட் நிலையத்தின் நேரலைக் கமெராவைப் போனில் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் மேலே முகில், காசும் வீண். முந்தின நாள் இரவு மீட்டியோசுவிஸ் செயலியில் இடிமழை எத்தனை மணிக்கு என்று பார்த்துவிடுங்கள். கோடையில் அங்கே இடி பெரும்பாலும் பிற்பகலில்தான், நம் ஏப்ரல் மாத வானம் மாதிரி. முழக்கம் கேட்டால் ஏரிக்கரையிலும் தனி மரத்தடியிலும் நிற்காமல் உடனே நிலையத்துக்குத் திரும்புங்கள். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே எண்ணும் செக்கனை மூன்றால் பிரித்தால் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று வரும்.

மேலே இறங்கியதும் முதல் வேலையாகக் கடைசிக் கேபிள் கார் எத்தனை மணிக்கு என்ற பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பருவத்துக்கேற்ப அது மாறும். அடுத்து மஞ்சள் கைகாட்டி. அதில் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். நிற்காமல் ஒரே சீராக நடக்கிற ஆளுக்கான நேரம் அது. ஏரிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். அம்மாவோடு போகும் நீங்கள் அதோடு பாதியைக் கூட்டி, இருந்து இளைப்பாறும் நேரத்தைத் தனியாக வையுங்கள். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு தெரிந்தால் மலைப்பாதை, வழியில் செங்குத்தும் கரடும் வரலாம். வெள்ளை-நீலம்-வெள்ளை உங்களுக்கில்லை, அது அனுபவப்பட்டவர்களுக்கு. ஏரியைத் தாண்டினால் ஃபவுல்ஹோர்ன் என்று இன்னொரு கைகாட்டி கணவரைக் கூப்பிடும். அது 2681 மீட்டர் உச்சி. இன்னொரு நாளைக்கு அவர் தனியே போகட்டும்.

வழியில் பசுக்கள் மேயும். மகள் கன்றுக்குட்டியைத் தடவ ஓடுவாள், விடாதீர்கள். கன்றோடு நிற்கிற தாய்ப் பசு முட்டும். சில மீட்டர் விலகி, சத்தம் போடாமல் கடந்து போங்கள், திறந்த படலையை மூடிவிட்டுப் போங்கள். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மேலே மாடு நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம், போத்தலை ஊரிலேயே நிரப்புங்கள். சாப்பாட்டுக்கு அண்ணியிடம் இடியப்பம் கேட்காதீர்கள், காற்றில் குழம்போடு மல்லுக்கட்ட முடியாது. ரொட்டியும் இடிச்ச சம்பலும், அவித்த முட்டை, வாழைப்பழம் என்றால் கல்லில் இருந்தபடி சாப்பிட்டுவிடலாம். குப்பை திரும்ப உங்கள் பையில்.

கடைசியாகக் காப்புறுதி. ஷெங்கன் விசாவுக்காகக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி எப்படியும் எடுப்பீர்கள். ஆனால் மலையில் கால் பிசகினால் ஹெலிகொப்டர் செலவையும் அது ஏற்குமா என்பது ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வேறுபடும். காசு கட்டுமுன் முகவரிடம், ‘மலை நடையில் விபத்து, ஹெலிகொப்டர் மீட்பு, அம்மாவின் பிரஷர் இந்த மூன்றும் இதற்குள் வருமா?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன ‘எல்லாம் வரும் மிஸ்’ அங்கே செல்லாது. சுவிஸில் அம்புலன்சுக்கு 144, மலை மீட்புக்கு ரேகா என்ற அமைப்பின் 1414, பொது அவசர எண் 112. மூன்றையும் மகளின் போனிலும் போட்டுவிடுங்கள், பெரியவர்கள் மூவரும் பதறி நிற்கும் நேரத்தில் அவள்தான் சட்டென்று எடுப்பாள்.