தூண்டியது யார்?

அன்புள்ள ஐயா,

போன மாதம் அப்பா இன்ஃப்ளூயன்ஸா வந்து படுத்துவிட்டார். ‘சுவாச வைரஸ்கள் நுரையீரல் செல்களில் அழற்சி மரபணுக்களைத் தூண்டுகின்றன’ என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அப்படியானால் அவருடைய மரபணு மாறிவிட்டதா? அழற்சிதான் ஆபத்து என்று பட்டதால், வீட்டில் மிச்சமிருந்த ஸ்டீராய்டு மாத்திரையை இரண்டாம் நாளே கொடுத்துவிட்டேன். இப்போது நலம். எதிர்ப்புசக்தி கூட என்ன செய்யலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

மாறவில்லை. ஏற்கெனவே இருக்கும் மரபணுவைச் செல் எடுத்துப் படிக்கிறது, அவ்வளவுதான். எதிர்ப்புசக்திக் கேள்வியை விட்டுவிடுகிறேன். அதற்குப் பதில் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது.

என்னைப் பிடித்து நிறுத்தியது ‘தூண்டுகின்றன’ என்ற சொல். சில வாரங்களாக அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அழற்சியைத் தூண்டி வைரஸுக்கு என்ன லாபம்? சத்தமில்லாமல் நுழைந்து, பெருகி, வெளியேறுவதுதான் அதற்கு வேண்டும். மரபணுவின் சேதியைச் சுமந்து போகும் நகல்தான் தூது ஆர்.என்.ஏ.; நம் செல்லின் தூது ஆர்.என்.ஏ.வுக்குத் தலையில் ஒரு தொப்பி உண்டு. இன்ஃப்ளூயன்ஸா அந்தத் தொப்பியை வெட்டித் திருடித் தன் தூது ஆர்.என்.ஏ.வுக்கு மாட்டிக்கொள்கிறது! ஆனால் வைரஸின் மரபுப்பொருளுக்குத் தொப்பி இல்லை. அந்த வெறுந்தலையைத்தான் நம் செல்லில் காவல் இருக்கும் ரிக்-ஐ என்ற புரதம் கண்டுபிடிக்கிறது. கத்தவிடாமல் ரிக்-ஐயின் வாயைப் பொத்த, என்எஸ்1 என்று தனியாக ஒரு புரதமே வைத்திருக்கிறது வைரஸ். இவ்வளவு பாடுபட்டு ஒளிகிறவனைப் போய் ‘தூண்டினான்’ என்கிறோம். கூச்சல் போடுவது செல்.

போடத்தான் வேண்டும். என்எஃப்-காப்பா-பி என்ற புரதம் செல்லுக்குள் எப்போதும் தயாராக இருக்கிறது; ஐகாப்பா-பி என்ற இன்னொரு புரதம் அதைக் கட்டி வைத்திருக்கிறது. ரிக்-ஐயின் சேதி வந்ததும் கட்டு சிதைகிறது. அவிழ்ந்தது உட்கருவுக்குள் போய் இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 என்ற அழற்சிச் சேதிப் புரதங்களின் மரபணுக்களைப் படிக்கவைக்கிறது; வெள்ளணுக்கள் வருகின்றன. இன்னொரு பக்கம் இன்டர்ஃபெரான் என்ற புரதம் அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்துகிறது. ஐசக்ஸ், லிண்டன்மான் என்ற விஞ்ஞானிகள் 1957-இல் கண்டது அது. எனக்கு மிகப் பிடித்த இடம் வேறு. என்எஃப்-காப்பா-பி படிக்கவைக்கும் மரபணுக்களில் ஐகாப்பா-பியும் ஒன்று. எழுந்த கையோடு, தன்னைத் திரும்பக் கட்டும் கயிற்றையும் திரிக்கச் சொல்லிவிடுகிறது.

என் அண்ணனுக்கு அந்தக் கயிறு போதவில்லை. நுரையீரலின் காற்றறைகளில் நீர் கோத்துக்கொண்டது. “வைரஸ் குறைந்துவிட்டது, அழற்சி அடங்கவில்லை” என்றார் மருத்துவர். கண்ணாடிக்கு வெளியே நின்று அவன் உடம்பைத் திட்டினேன். சொந்தக்காரனையே அடிக்கிற உடம்பு என்று. வருஷக்கணக்கில் அந்தக் கோபம் போகவில்லை. கயிற்றைப் பற்றிப் படித்த இரவில்தான் அழுகை வந்தது.

அதனால்தான் உங்கள் மீது கோபம் வருகிறது. இரண்டாம் நாள் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும் நாள். அன்றைக்கா ஸ்டீராய்டு கொடுத்து, கூச்சல் போடுகிறவன் வாயை அடைப்பது? என்எஸ்1 செய்கிற வேலைக்கு நீங்கள் ஒத்தாசை செய்திருக்கிறீர்கள். 2020-இல் பிரிட்டனின் ரெகவரி ஆய்வில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. அதுவும் கோவிட்டில், உங்கள் அப்பாவுக்கு வந்ததோ இன்ஃப்ளூயன்ஸா. அவர் பிழைத்ததை உங்கள் மாத்திரையின் கணக்கில் எழுதாதீர்கள்.

பயத்தில் செய்தீர்கள், தெரிகிறது. நானும் அன்று எதையாவது செய்திருப்பேன். என் கையில் மாத்திரை இல்லை, அவ்வளவுதான். எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நிறுத்தியாகிவிட்டதா, இன்னும் கொடுக்கிறீர்களா? எதுவானாலும் இன்றே அவருடைய மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.