38 பேரில் அவர் இல்லை

கேள்வி: முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் சண்டையிட்ட அமெரிக்க விமானிகளின் 'லஃபாயெட்' படைப்பிரிவைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். நிறம் பார்க்காமல் எல்லோரையும் சேர்த்துக்கொண்ட படை அது, யூஜின் புல்லார்ட் என்ற கறுப்பின விமானியும் அதில் பறந்தார் என்று எழுதியிருந்தார்கள். உண்மையா? சொந்த நாடு போரில் இறங்காதபோது அடுத்த நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கியவர்களைக் கூலிப்படை என்றுதானே சொல்ல வேண்டும்?
- வாசகர், தாராபுரம்

பதில்: பின்னால் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கூலிப்படை இல்லை. வாண்டர்பில்ட் என்ற கோடீஸ்வரர் நன்கொடை கொடுத்தார், அதிலிருந்து விமானிகளுக்குக் கைச்செலவுப் பணம் போனது, எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் காசுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டிய நிலையில் அவர்களில் பலர் இல்லை. வில்லியம் தாவ் பிட்ஸ்பர்க் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. நார்மன் பிரின்ஸ் ஹார்வர்டில் சட்டம் படித்தவர். விக்டர் சாப்மன் பாரிசில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தவர். கிஃபின் ராக்வெல் 1914லேயே காலாட்படையில் சேர்ந்து தொடையில் குண்டடி பட்டு, நெடுந்தூரம் நடக்க முடியாமல் போனதால் விமானத்துக்கு வந்தவர்.

அமெரிக்கா அப்போது நடுநிலை நாடு. வேற்று நாட்டுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால் குடியுரிமை பறிபோகும். பிரான்சின் வெளிநாட்டவர் படையான 'லீஜியன்' அப்படிப் பிரமாணம் கேட்கவில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் நுழைந்தார்கள். 1916 ஏப்ரல் 20ஆம் தேதி ஏழு அமெரிக்கர்களுடன், கேப்டன் ஜார்ஜ் தெனோ என்ற பிரெஞ்சு அதிகாரியின் தலைமையில் படைப்பிரிவு உருவானது. பிரெஞ்சுக் கணக்கில் அதன் எண் 124. முதல் பெயர் 'அமெரிக்கப் படைப்பிரிவு'. நடுநிலை நாட்டின் பெயரில் எப்படிப் படை இருக்கலாம் என்று ஜெர்மனி ஆட்சேபித்தது. அதனால் அமெரிக்க விடுதலைப் போருக்கு 19 வயதில் கப்பலேறிப் போன பிரெஞ்சுப் பிரபு லஃபாயெட்டின் பெயரை வைத்தார்கள்.

அவர்கள் ஓட்டிய நியூபோர் விமானத்தில் இயந்திரத் துப்பாக்கி மேல் இறக்கையின் தலைமாட்டில் இருந்தது. சுழலும் விசிறியில் படாமல் அதற்கு மேலாகச் சுட வேண்டுமே, அதற்காக. தோட்டா வட்டு ஒன்றில் 47 தோட்டாக்கள். தீர்ந்துவிட்டால் சுக்கானை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, குளிரில் விறைத்த கையை மேலே நீட்டிப் புது வட்டை மாட்ட வேண்டும். எதிரி பின்னால் வரும்போதும் இதே வேலைதான்.

சாப்மனின் கடைசி நாளைச் சொல்கிறேன். 1916 ஜூன், பிரான்சின் வெர்டன் போர்முனை. தோழர் கிளைட் பால்ஸ்லி அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தார். வயிற்றில் காயம் என்பதால் தண்ணீர் கொடுக்கக் கூடாது, தாகத்துக்கு ஆரஞ்சுச் சாற்றைச் சப்பலாம் என்றிருந்தார்கள். போர்க்காலத்தில் ஆரஞ்சு கிடைப்பதே பெரும்பாடு. எங்கெங்கோ தேடி வாங்கிக்கொண்டு ஜூன் 23 அன்று சாப்மன் கிளம்பினார். சில நாட்களுக்கு முன் தலையில் பட்ட காயத்தின் கட்டு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. வழியில் தோழர்கள் ஜெர்மன் விமானங்களோடு மோதுவதைப் பார்த்து அங்கே பாய்ந்தார். ஆரஞ்சு போய்ச் சேரவில்லை. அந்தப் படைப்பிரிவில் முதலில் இறந்தவர் அவர். வயது 26. இவரைக் கூலிப்படை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, புல்லார்டுக்கு வருவோம். கட்டுரை இங்கேதான் தவறு செய்கிறது. லஃபாயெட் படைப்பிரிவில் பறந்த அமெரிக்கர்கள் 38 பேர். அந்த 38 பேரில் புல்லார்ட் இல்லை. பிரெஞ்சு விமானப் படையில் சேர்ந்த அமெரிக்கத் தன்னார்வலர்கள் மொத்தம் இருநூற்றுச் சொச்சம் பேர். அவர்கள் எல்லோருக்குமான பொதுப்பெயர் 'லஃபாயெட் பறக்கும் படை'. பெரும்பாலோர் வெவ்வேறு பிரெஞ்சுப் பிரிவுகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். புல்லார்ட் போனது 93ஆம் பிரிவுக்கும், பிறகு 85ஆம் பிரிவுக்கும். இரண்டு பெயரும் ஒன்றுபோல இருப்பதால் குழப்பம் வருவது சகஜம். அதை மட்டும் திருத்திவிட்டு முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

புல்லார்ட் 1895இல் ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்தவர். தந்தையைக் கொல்லத் தேடி வந்த வெள்ளைக் கும்பலைச் சிறுவயதில் பார்த்தவர். பிரான்சில் நிறம் பார்க்க மாட்டார்கள் என்று தந்தை சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடினார். 1912இல் கப்பலில் ஒளிந்து ஸ்காட்லாந்து போய்ச் சேர்ந்து, குத்துச்சண்டை போட்டுப் பிழைத்து, பாரிஸ் வந்தார். போர் வந்ததும் லீஜியனில் சேர்ந்தார். பிறகு 170ஆம் காலாட்படைப் பிரிவு. அந்தப் பிரிவினரை ஜெர்மானியர் 'சாவின் தகைவிலான் குருவிகள்' என்பார்கள். புல்லார்டுக்கு வந்த 'சாவின் கறுப்புக் குருவி' என்ற பட்டப்பெயர் அதிலிருந்துதான் வந்தது. அவர் பறந்ததால் வந்த பெயர் என்று பலரும் எழுதுகிறார்கள், தவறு. அது சேற்றுக் குழியில் நின்று சம்பாதித்த பெயர்.

1916 மார்ச்சில் வெர்டனில் பலத்த காயம். குணமாகிவரும்போது, விமானியாகிக் காட்டுகிறேன் என்று நண்பரிடம் 2000 டாலர் பந்தயம் கட்டினார். 1917 மே மாதம் உரிமம் வாங்கினார், பந்தயப் பணமும் கைக்கு வந்தது. ஆகஸ்டில் போர்முனைக்குப் போய் 20 தடவைக்கும் மேல் பறந்தார். ஜிம்மி என்ற செல்லக் குரங்கைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பறப்பாராம். இரண்டு எதிரி விமானங்களை வீழ்த்தியதாக அவர் சொன்னார். அவை அதிகாரபூர்வமாக ஏற்கப்படவில்லை, ஆகவே நானும் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதற்குள் 1917 ஏப்ரலில் அமெரிக்காவே போரில் இறங்கியிருந்தது. பிரான்சுக்காகப் பறந்த தன் பிள்ளைகளைத் தன் படைக்கு மாறச் சொன்னது. புல்லார்ட் விண்ணப்பித்தார், மருத்துவப் பரிசோதனையிலும் தேறினார். அவரைப் போலவே கீழ்நிலைப் பதவியில் இருந்த வெள்ளை விமானிகளுக்கு அதிகாரிப் பதவி தந்து எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு மட்டும் அழைப்பு வரவில்லை. அமெரிக்கப் படை கறுப்பினத்தவர் எவரையும் விமானியாக ஏற்கவில்லை. பிரான்ஸ் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. பிரெஞ்சு அதிகாரி ஒருவரோடு தகராறு வந்ததும் அவரை விமானத்திலிருந்து இறக்கிப் பழைய காலாட்படையின் ஏவல் வேலைக்கு அனுப்பினார்கள். ஆனாலும், அவர் கையில் விமானத்தைக் கொடுத்தது அந்த நாடுதான்.

1918 பிப்ரவரியில் லஃபாயெட் படைப்பிரிவு அமெரிக்கப் படையின் 103ஆம் பிரிவாக மாறியது. சாப்மனின் தோழர்கள் சொந்த நாட்டுச் சீருடையில் பறந்தபோது புல்லார்ட் தரையில் நின்றுகொண்டிருந்தார். அதனால்தான் அந்தக் கட்டுரை எனக்குக் கோபம் தருகிறது. அவரை அந்த 38 பேரோடு சேர்த்து எழுதுவது பார்ப்பதற்கு மரியாதை போலத் தெரியும். 'நிறம் பார்க்காத படை' என்ற பொய்க்கு அவரையே சாட்சியாக நிறுத்துகிறது அது. வாசலில் நிறுத்தப்பட்ட மனிதரை உள்ளே உட்கார்ந்திருந்ததாக எழுதினால், கதவைச் சாத்தியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

அப்புறம் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். பாரிசில் இரவு விடுதி நடத்தினார். 1940இல் ஜெர்மானியர் மறுபடி வந்தபோது 44 வயதில் மறுபடி துப்பாக்கி தூக்கி, மறுபடி காயம்பட்டு, நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 1959இல் பிரான்ஸ் தன் உயரிய விருதான 'லீஜியன் ஆஃப் ஆனர்' கொடுத்தது. அப்போது அவருக்கு வேலை, ராக்பெல்லர் மையத்தில் லிஃப்ட் இயக்குவது. அதே வளாகத்திலிருந்த தொலைக்காட்சி நிலையம் அந்த டிசம்பரில் அவரைப் பேட்டி எடுத்தது. 1961 அக்டோபரில் இறந்தார். வெளிநாட்டவர் படையான லீஜியனின் சீருடையிலேயே அடக்கம் செய்தார்கள்.

அமெரிக்க விமானப் படை அவருக்கு செகண்ட் லெப்டினன்ட் பதவி கொடுத்தது, 1994இல்.